நகரத் தந்தை ஒரு பெண்!

மேயர் என்னும் பதவிக்கு 'மாநகரத் தந்தை' என்று தமிழில் பெயர் சூட்டினார்கள். அந்த நாற்காலியில் ஒரு தாயும் அமரக்கூடும் என்ற நினைப்பே சூட்டியவர்க்கு எழவில்லை போலும்! தொப்பூரில் ஆசிரியனாகப் பணியாற்றும் என்னிடம் மாணவி ஒருத்தி கேட்டாள்: "பெண் வந்தால் என்னவென்று அழைப்பது, ஐயா?" சொல்லைத் தேடப் புகுந்தேன்; வரலாறு கிடைத்தது.

சென்னை மாநகராட்சி 1688-இல் தோன்றியது. அதன் தலைமையிடத்தில் முதன்முதலாக ஒரு பெண் அமர்ந்தது 1957-இல். ஏறத்தாழ 270 ஆண்டுகள்! அமர்ந்தவர் தாரா செரியன். சமூகத் தொண்டால் பெயர் பெற்றவர். 1967-இல் பத்மபூஷண் விருது பெற்றவர். அவருடைய கணவர் மருத்துவர் பி. வி. செரியன் அவருக்கு முன்பே அப்பதவியை வகித்தவர். "கணவன் இருந்த இடத்தில் மனைவி, இதிலென்ன புதுமை?" என்று முணுமுணுப்போர் உண்டு. அவர்களைச் சற்றே இங்கிலாந்துக்கு அழைக்கிறேன்.

அங்கே ஆல்டுபரோ என்றொரு சிறு கடற்கரை ஊர். 1908-இல் அவ்வூர் மேயரானார் எலிசபெத் காரெட் ஆண்டர்சன்; இங்கிலாந்தின் முதல் பெண் மேயர். அவர் கணவரும் அதே ஊரின் மேயராய் இருந்தவர்தாம். மேயரின் மனைவிக்கு 'மேயரஸ்' என்று ஒரு பட்டம் வைத்திருக்கிறது ஆங்கிலம். கணவனின் பதவியால் மனைவிக்கு வந்து சேரும் நிழல் பட்டம்! அந்த நிழலோடு நிறைவு கொள்ளும் பெண்ணா எலிசபெத்? மருத்துவம் பயிலக் கல்லூரிகள் கதவடைத்தபோது, மருந்தாளர் கழகத்தின் விதியில் பெண்ணைத் தடுக்கும் சொல் இல்லை என்பதைக் கண்டுபிடித்து, தேர்வெழுதி, 1865-இல் உரிமம் பெற்றவர். கழகம் என்ன செய்தது? இன்னொரு பெண் நுழையாதபடி விதியையே திருத்தியது! 1870-இல் பாரிசில் மருத்துவப் பட்டமும் வாங்கினார் அவர். பெண்கள் நகர மன்றங்களில் அமரலாம் என்று 1907-இல் சட்டம் வந்தது. மறு ஆண்டே மேயரானார். ஆனால் பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை ஊராண்ட அந்த அம்மையாருக்கு இல்லை! 1917 டிசம்பரில் அவர் மறைந்தார். முப்பது வயது கடந்த பெண்களுக்கு வாக்குரிமை வந்ததோ 1918-இல்.

நம் நாட்டு நிலையை நோக்குவோம். பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் முதன்முதலாக, 1921-இல், நீதிக்கட்சி ஆட்சியில் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது சென்னை. சொத்துள்ளோர்க்கே அந்நாளில் வாக்கு என்பதும் உண்மைதான். சொத்தில் பெண்ணுக்குப் பங்கேது? எனினும் 1927-இல் மருத்துவர் முத்துலட்சுமி சட்ட மன்றத்தின் துணைத் தலைவரானார். இத்தகைய சென்னையில், தாரா செரியனுக்குப் பின் பெண்கள் வரிசையாக வந்திருக்க வேண்டாமா?

வரவில்லை! 1971-இல் காமாட்சி ஜெயராமன் வந்தார். அவரையடுத்த பெண்ணுக்கு 51 ஆண்டுகள் காத்திருந்தோம். இடையில் 1973 முதல் 1996 வரை தேர்ந்தெடுத்த மன்றமே இல்லை என்பது ஒரு சமாதானம், முழுச் சமாதானமன்று. ஆண்களின் பெருந்தன்மையால் அரிதாய்த் திறந்த கதவைச் சட்டம் வந்துதான் அகலத் திறந்தது. உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கென 2016-இல் தமிழகம் சட்டம் செய்தது. 2022-இல் 21 மாநகராட்சிகளில் 11-க்குப் பெண்களே மேயர் ஆயினர். சென்னையில் அமர்ந்தவர் 28 வயதான பிரியா. அந்நாற்காலி கண்ட முதல் தாழ்த்தப்பட்ட குலப் பெண். எந்தக் கணவரும் அவருக்கு முன் அதில் அமர்ந்திருக்கவில்லை.

சட்டம் நாற்காலியைத் தரும்; அமர்ந்து பேசும் உரிமையை வீடு தர வேண்டுமே! எங்கள் வட்டாரத்து ஊராட்சி ஒன்றுக்குச் சான்றிதழில் கையொப்பம் பெறச் சென்றேன். பெயர்ப்பலகையில் பெண்ணின் பெயர். நாற்காலியில் அவர் வீட்டுக்காரர்! "தலைவர் எங்கே?" என்றேன். "நான்தான், சொல்லுங்க வாத்தியாரே" என்றார். தலைவர் வரும் வரை காத்திருப்பதாகச் சொல்லித் திண்ணையில் அமர்ந்தேன். ஒரு மணி நேரம் கழிந்தது. அந்த அம்மையார் வந்தார்; படித்துப் பார்த்து, ஒரு பிழையைச் சுட்டிக் காட்டித் திருத்தி, ஒப்பமிட்டார்.