கவலை ஓடிய கிணற்றில் சோலார் பம்ப்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஊரிலிருந்து தம்பி மகன் போன் செய்தான். "பெரியப்பா, நம்ம கிணத்துக்கு சோலார் பம்ப் போடப் போறேன். பாதிக்கு மேல மானியம். அப்புறம் தண்ணி சும்மாதானே?" அந்தச் 'சும்மா' என்ற சொல் என்னைத் தூங்க விடவில்லை.

மதுராந்தகம் பக்கம் உள்ள அந்தக் கிணற்றில் தாத்தா கவலை ஓட்டியதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மாடு, ஒரு தோல் சால், சரிவில் ஏறி இறங்கும் ஓர் ஆள். மாடு களைத்தால் இறைப்பு நின்றுவிடும். ராத்திரியில் கிணறு ஊறும், விடிந்ததும் மறுபடி ஆரம்பம். வைக்கோலும் கூழும்தான் எரிபொருள். இதுவும் புதுப்பிக்கத்தக்க ஆற்றல்தானே! பாடப் புத்தகத்தில் மட்டும் இதற்கு இடமில்லை.

இந்தக் கதையில் நம் சென்னைக்கும் பங்குண்டு. சைதாப்பேட்டையில் 1865இல் அரசு ஒரு சோதனைப் பண்ணை தொடங்கியது. அங்கே வளர்ந்த வேளாண் கல்லூரிதான் பிறகு கோவைக்குப் போயிற்று. பின்னாளில், சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியராக இருந்த ஆல்பிரட் சாட்டர்டன், ஏற்றமும் கவலையும் என்ன செலவில் எவ்வளவு நீர் இறைக்கின்றன என்று கணக்குப் பார்த்தார். காற்றாலையையும் ஆராய்ந்தார். 1912இல் சென்னை ஜி.ஏ. நடேசன் நிறுவனம் அவருடைய 'லிஃப்ட் இரிகேஷன்' நூலை வெளியிட்டது. ஆனால் காற்று நாம் கூப்பிட்ட நேரத்துக்கு வராதே. ஆயில் இன்ஜின்தான் ஜெயித்தது.

1932இல் பைகாரா மின்சாரம் வந்தது. அதுவும் மலையிலிருந்து விழும் நீரின் சக்திதான் என்பதை மறந்துவிடுகிறோம். கோவை வட்டாரக் கிணறுகளில் மோட்டார் ஓடத் தொடங்கியது. 1990இல் விவசாயிகள் எல்லோருக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. அதனால் பிழைத்த குடும்பங்கள் ஏராளம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மாட்டைப் போல மோட்டார் களைப்பதில்லை. இன்று கோவைப் பக்கம் ஆயிரம் அடிக்குக் கீழேயும் போர் போடுகிறார்கள்.

நம் தரமணியில் முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி மையத்தை நடத்திய சி.வி. சேஷாத்ரி இதை வேறு கோணத்தில் பார்த்தவர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்தவர். ஆற்றலை அளக்கும் நம் விஞ்ஞான அளவுகோலே இயந்திரத்துக்குச் சாதகமானது, கிராமத்து வெயிலுக்கும் காற்றுக்கும் மாட்டுக்கும் அது உரிய மதிப்பைத் தருவதில்லை என்று வாதிட்டார். இன்னும் அதிகம் பேர் படிக்க வேண்டிய மனிதர்.

2019இல் மத்திய அரசின் குசும் திட்டம் வந்தபின் சோலார் பம்ப் பரவலாகியிருக்கிறது. நல்ல விஷயம்தான். மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து ராத்திரியில் டார்ச்சோடு பாம்புக்குப் பயந்து போக வேண்டாம். டீசல் செலவும் இல்லை. ஆனால் சும்மா கிடைப்பது வெயில்தான், தண்ணீர் அல்ல.

அவனிடம் சொன்னேன்: "தாராளமா போடு. அதுக்கு முன்னால ஒரு கயித்துல கல்லைக் கட்டி உள்ளே விடு. தண்ணி எத்தனை அடியில இருக்குன்னு அமாவாசைக்கு அமாவாசை நோட்டுல எழுது. பம்ப் போட்ட பிறகும் எழுதணும்."

"வீட்டுப்பாடமா பெரியப்பா?" என்று சிரித்தான். நேற்று முதல் அளவு வாட்ஸ்அப்பில் வந்தது: 31 அடி. சின்ன வயதில் நாங்கள் அந்தக் கிணற்றின் படியில் உட்கார்ந்து சொம்பால் மொண்டு குடித்திருக்கிறோம்.