மாற்று வண்ணங்களின் கதை

எழுபதுகளின் நடுப்பகுதி. கொழும்பு ஜிந்துப்பிட்டியில் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலின் மணியோசை கேட்கும் தூரத்தில் எங்கள் வீடு. பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவருக்குச் சிறிய பிளாஸ்டிக் விமானங்களைப் பொருத்தி வண்ணம் தீட்டுவதில் தீராத ஆசை. கப்பலில் வேலை பார்த்த உறவினர் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார், வண்ணம் கொண்டுவரவில்லை. சிறிமாவோ ஆட்சி (1970–1977) அந்நியச் செலாவணியைக் காக்க இறக்குமதியை இறுக்கிப் பிடித்திருந்த காலம் அது. மாதிரி விமானத்துக்கான பெயின்டை யார் இறக்குமதி செய்வார்கள்?

அண்ணன் ஒரு புகைப்பட ஸ்டூடியோவிலிருந்து பழைய எயார் பிரஷ் ஒன்றை வாங்கினார். காற்றுக்கு லொறி ரியூப். வண்ணத்துக்குப் பஞ்சிகாவத்தையில் வாங்கிய கார் பெயின்ட். முதல் விமானத்தின் இறக்கை அன்றே இளகிச் சுருங்கிப்போயிற்று.

அவர் செய்தது விபரீதமான காரியம் என்று அன்று நினைத்தேன். வரலாற்றைப் படித்தபோது அந்த எண்ணம் மாறியது. இந்தக் கலையில் எல்லாமே வேறு வேலைக்காகப் பிறந்தவைதாம். 1870களில் அமெரிக்காவின் அயோவாவில் ஏப்னர் பீலர் உருவாக்கிய காற்றுத் தூரிகை, படங்களுக்கு வண்ணமூட்டவே முதலில் பயன்பட்டது. 1920களில் கார்களுக்கு வந்த 'டூக்கோ' பெயின்டின் மூலப்பொருள் நைட்ரோசெலுலோஸ். முதல் உலகப் போரில் வெடிமருந்தாக இருந்த அதே பொருள். மாதிரி வண்ணங்களுக்குப் பெயர்பெற்ற ஹம்ப்ரோல், 1919இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் எண்ணெய் நிறுவனமாகத் தொடங்கியது. எயார்பிக்ஸின் முதல் ஸ்பிட்பயர் விமானப் பெட்டி 1953இல்தான் வந்தது.

ஆகவே மாற்று வண்ணம் தேடுவது குற்றமல்ல. ஆனால் அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு.

முதலாவது, கரைப்பான். கார் லாக்கரின் தின்னர் பொலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். அண்ணனின் இறக்கை அப்படித்தான் போயிற்று. எனாமல் பூசியதன் மேல் லாக்கர் அடித்தால் அடிப்பூச்சு சுருங்கும். முதலில் பிரைமர் பூசி, மெல்லிய பூச்சுகளாக அடித்தால் பெரும்பாலும் தப்பலாம்.

இரண்டாவது, நிறமியின் பருமன். எயார் பிரஷின் துவாரம் பொதுவாக 0.2 முதல் 0.5 மில்லிமீற்றர்தான். சுவருக்குப் பூசும் எமல்ஷனின் துகள்கள் அதனை அடைத்துவிடும். பாலின் பதத்துக்கு நீர்க்கச் செய்து, வடிகட்டி, சதுர அங்குலத்துக்கு 15 முதல் 20 இறாத்தல் அழுத்தத்தில் தெளிப்பது வழக்கம்.

மூன்றாவது, மூச்சு. பழைய எனாமல்களின் மஞ்சளிலும் சிவப்பிலும் ஈயம் கலந்திருந்தது. இலங்கையில் பெயின்டின் ஈய அளவுக்கு வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013இல்தான். இன்றைய இரு கூறு கார் பெயின்டுகளின் கடினமாக்கியில் ஐசோசயனேட் உண்டு. தெளிக்கும்போது அதனைச் சுவாசிப்பவருக்கு ஆஸ்துமா வரலாம். வீட்டறையில் அதனைத் தொடவே கூடாது. நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணமே வீட்டுக்கு ஏற்ற மாற்று. அதனையும் திறந்த ஜன்னலருகே, முகக்கவசத்துடன் தெளிக்க வேண்டும்.

2020இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் திரும்பின; 2022இல் செலாவணியே வற்றியது. இன்னொரு தலைமுறையும் மாற்று வண்ணம் தேடியது. அண்ணன் அன்று கதவைச் சாத்திக்கொண்டு, கைக்குட்டையை மூக்கில் கட்டியபடி வண்ணம் தெளித்தார். ஆவியைக் கைக்குட்டை தடுக்காது என்று அவருக்குச் சொல்ல அந்தத் தெருவில் எவரும் இருக்கவில்லை. அவர் இழந்த இறக்கைக்கு மாற்று கிடைத்தது. நுரையீரலுக்கு மாற்று இல்லை.