குறத்தி சொன்ன வேதம்

நமது புதுச்சேரிக்குத் தெற்கே, நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில், கடற்கரையை ஒட்டி அமைந்தது தரங்கம்பாடி. நம் ஊரில் பிரெஞ்சுக் கொடி பறந்த காலத்தில் அங்கே டேனிஷ்காரர் கொடி பறந்தது. 1620 முதல் 1845 வரையில் அவ்வூர் அவர்கள் ஆட்சியில் இருந்தது. சீகன்பால்கு ஐயர் தமிழில் பெயர்த்த புதிய ஏற்பாடு 1714, 1715 ஆகிய ஆண்டுகளில் அங்கேதான் அச்சேறியது. இந்திய மொழி ஒன்றில் முதன்முதல் அச்சான புதிய ஏற்பாடு அதுவே. இச்செய்தியை மாணவர்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். ஆனால் அந்நூலைக் கையில் வாங்கியோருள் எத்தனை பேர் அதனை எழுத்துக் கூட்டிப் படிக்க வல்லவராயிருந்தனர் என்பதைப் பாடநூல் கூறுவதில்லை. பாட்டும் கூத்துமாகவே அறிவை வாங்கிப் பழகிய ஒரு மக்கட் கூட்டத்தினிடம் அச்சுப் புத்தகம் ஒன்றைக் கொடுத்துவிட்டால் போதுமா? போதாது என்று கண்டவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். அவரைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். வேதநாயகம் என்றவுடன் நம் மாணவர்களுக்கு நினைவு வருபவர் பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை. அவர் 1826இல் பிறந்தவர், கத்தோலிக்கர், முன்சீப் வேலை பார்த்தவர். நம் சாஸ்திரியார் அவருக்கு அரை நூற்றாண்டு முந்தியவர். 1774ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். தந்தை அருணாசலம் பிள்ளை சைவ வேளாளராகப் பிறந்து, கத்தோலிக்க சமயத்தைத் தழுவித் தேவசகாயம் என்னும் பெயர் பூண்டவர். (2022இல் புனிதர் பட்டம் பெற்ற தேவசகாயம் பிள்ளை வேறு ஒருவர், அவர் 1752இலேயே உயிர் துறந்தவர்.) ஆக, சாஸ்திரியார் வளர்ந்த வீட்டில் சைவத்தின் தமிழும், கத்தோலிக்கரின் வழிபாடும், பின்னர் லுத்தரன் சபையாரின் வேத வாசிப்பும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன.

1785இல் சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தபோது அச்சிறுவனைக் கண்டார். அவனுடைய கூர்மையை உணர்ந்து தம்முடன் தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். அங்கே சுவார்ட்ஸ் ஐயரின் பாதுகாப்பில் வளர்ந்த இன்னொரு சிறுவன், பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோஜி. வேதநாயகத்தைவிட மூன்று வயது இளையவர். உபதேசியார் மகனும் அரச குமாரனும் ஒரே ஆசிரியரிடம் பயின்றனர். அந்நட்பு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் நீடித்தது.

தஞ்சையிலிருந்து தரங்கம்பாடிக்குப் போய், அங்கே ஜான் ஐயர் முதலியோரிடம் வேதசாஸ்திரத்தோடு கணிதமும் வானநூலும் உடற்கூறும் கற்றார். இங்கே நம் ஊர்ச் செய்தி ஒன்றைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. சுக்கிரன் சூரியனைக் கடக்கும் காட்சியைக் காண்பதற்காகவே லெ ஜாந்தி என்னும் பிரெஞ்சு வானநூலறிஞர் புதுச்சேரிக்கு வந்து காத்திருந்தார்; 1769 ஜூனில் அந்நாள் வந்தபோது மேகம் மறைத்துவிட்டது. அறிஞர் மனமுடைந்து போனார். அது நிகழ்ந்து இருபது ஆண்டுகள் சென்றபின், அதே கடற்கரையில் தெற்கே சிறிது தொலைவில், சூரியனைச் சுற்றியே கோள்கள் ஓடுகின்றன என்னும் கொள்கையைத் தமிழ்ப் பிள்ளைகள் பாடமாகக் கேட்டுக் கொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவர் நம் வேதநாயகர்.

ஆனால் எந்த ஐயரும் அவருக்குக் கற்பிக்காத கல்வி ஒன்று உண்டு. குறவஞ்சி, நொண்டி நாடகம், உலா, மாலை, கும்மி, கப்பற்பாட்டு ஆகிய தமிழ்ச் சிற்றிலக்கிய வடிவங்களில் வேதத்தை வார்ப்பது எப்படி என்பதுதான் அது. அதற்கு முன்மாதிரி காட்டி வழிநடத்தும் ஆசிரியர் தஞ்சையிலும் இல்லை, தரங்கம்பாடியிலும் இல்லை. தாம் பிறந்த திருநெல்வேலிச் சீமையில் காதால் கேட்டவற்றையும் தஞ்சை அரண்மனையை ஒட்டிய ஆடலரங்குகளில் கண்டவற்றையும் கொண்டு அவர் தாமாகவே கற்றுக்கொண்டார். குருப்பட்டம் பெறாதவர் அவர். இருபது வயதை எட்டுமுன்னரே தஞ்சை மிஷன் பாடசாலையின் தலைமையாசிரியராகிவிட்டார். பல்லாண்டுகள் ஆசிரியராகவே வாழ்ந்தார். அவருடைய பாடல்களில் பெரும்பாலானவற்றை ஓர் ஆசிரியரின் வேலையாகப் பார்த்தால்தான் அவற்றின் உண்மையான பொருள் விளங்கும் என்பது என் கருத்து.

1800ஆம் ஆண்டளவில் அவர் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சியை எடுத்துக்கொள்வோம். குறவஞ்சியின் கதைப்போக்கு உங்களுக்குத் தெரிந்ததே. தலைவன் பவனி வருவான். தலைவி கண்டு காதல் கொண்டு மெலிவாள். குறத்தி வந்து தன் மலைவளமும் நாட்டுவளமும் பாடி, கைபார்த்துக் குறிசொல்லுவாள். பிறகு அவள் கணவன் சிங்கன் பறவை பிடிக்கும் வலையோடு அவளைத் தேடி வருவான். குற்றாலநாதரைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் இந்த வடிவத்தை எத்துணை இனிமையாகக் கையாண்டார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. சாஸ்திரியார் இவ்வமைப்பில் ஒன்றையும் தள்ளவில்லை. பவனி வரும் தலைவன் பெத்லகேம் நாதராகிய கிறிஸ்து. தலைவி சீயோன் மகளாகிய தேவமோகினி. அவள் திருச்சபையைக் குறிப்பவள். குறி சொல்ல வருபவள் ஞானசிங்கி. தீர்க்கதரிசிகள் முன்னறிவித்தவற்றையே அவள் குறியாகச் சொல்லுகிறாள். அவள் கணவன் ஞானசிங்கன் வலை வீசிப் பிடிக்கும் பறவைகள் மனித ஆன்மாக்கள். மீன் பிடிப்போரை மனிதரைப் பிடிப்போராக்குவேன் என்ற விவிலியக் கருத்து, கடலிலிருந்து கரையேறிக் குறவனின் கண்ணியாகிவிட்டது!

குறத்தி நாடெல்லாம் சுற்றியவள் அல்லவா? ஆகவே அவள் வாயிலாகப் பூகோளம் கற்பிக்கலாம் என்பது சாஸ்திரியாருக்குத் தோன்றியது. நாடுகளும் நதிகளும் நகரங்களும் அவள் பாட்டில் வரிசையாக வருகின்றன. சூரியனை நடுவில் வைத்துக் கோள்களைச் சுற்றவிடும் புதிய வானநூலும் வருகிறது. உடன் பயின்ற சரபோஜி மன்னரும் மராத்தியில் தேவேந்திர குறவஞ்சி என்று ஒன்று செய்தார். அதிலும் குறத்தி பூகோளமும் வானநூலும் சொல்லுகிறாள். இவரைப் பார்த்து அவர் செய்தாரா, அவரோடு பேசி இவர் செய்தாரா என்று வாதிட வேண்டுவதில்லை. ஒரே பள்ளியில் படித்த இருவர், தம் பாடத்தை ஒரே குறத்தியின் வாயில் வைத்துப் பாட எண்ணியது எனக்குப் பெருவியப்பைத் தருகிறது. உலகப் படத்தைச் சுவரில் மாட்டிக் கோல்கொண்டு சுட்டும் வாத்தியாரைக் காட்டிலும் கூடையேந்திய குறத்தியின் சொல் பிள்ளைகளின் நெஞ்சில் நிற்கும் என்பதை இருவரும் அறிந்திருந்தனர்.

நோவாவின் பேழையைக் கப்பற்பாட்டாகவும், மனந்திரும்பிய பாவியின் கதையை ஞான நொண்டி நாடகமாகவும் பாடினார். செபமாலை, பராபரன் மாலை, ஞான உலா என நூறுக்கு மேற்பட்ட நூல்கள் அவர் பெயரால் வழங்குகின்றன. சென்னைச் சபையார் அவருக்குச் சுவிசேடக் கவிராயர் என்னும் பட்டம் அளித்தனர்.

மன்னரும் கவிஞரும் பற்றிய செவிவழிச் செய்தி ஒன்று உண்டு. தம் குலதெய்வத்தைப் பாடித் தருமாறு சரபோஜி கேட்டாராம். நட்புக்கும் விசுவாசத்துக்கும் இடையே கலங்கிய சாஸ்திரியார் அன்றிரவே இயேசுவையே துதிசெய் என்னும் பாடலை இயற்றினாராம். அது நடந்தபடியே நடந்ததோ, பின்னால் மெருகேறியதோ, அப்பாடல் இன்றும் தேவாலயங்களில் ஒலிக்கின்றது.

இதுவரை கூறியது இனிய பகுதி. இனி வருவது அத்துணை எளிதன்று.

சுவார்ட்ஸ் ஐயர் 1798இல் மறைந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த புதிய மிஷனரிமார் பழைய ஏற்பாடுகளையெல்லாம் மாற்ற முற்பட்டனர். 1829இல் சாதியாசாரம் பற்றித் தாம் எழுதிய நூலில், அவர்கள் செய்த கொடுமைகள் என நான்கினைச் சாஸ்திரியார் எடுத்துரைத்தார். தமிழ் வேதத்தைத் திருத்தியது ஒன்று. ஆலயத்தில் சாதிகளை ஒன்றாகக் கலக்கச் செய்தது மற்றொன்று. கலியாணத்திலும் சாவிலும் பூவை விலக்கியது மூன்றாவது. தமிழ்க் கீர்த்தனைகளை ஆராதனையினின்று நீக்கியது நான்காவது. நான்கையும் அவர் ஒரே மூச்சில் சொல்லுகிறார். ஒன்றிலிருந்து மற்றொன்றை அவர் பிரித்துப் பார்க்கவேயில்லை.

வேதத் திருத்தம் பற்றிய வழக்கு கருதத்தக்கது. பெப்ரீசியுஸ் ஐயர் பெயர்த்த புதிய ஏற்பாடு 1772இலும் பழைய ஏற்பாடு 1796இலும் அச்சாகி நிறைவெய்தின. அம்மொழிபெயர்ப்பைத் தஞ்சைக் கிறித்தவர் உயிரெனப் போற்றினர். இரேனியுஸ் ஐயரோ அதன் நடை எபிரேய, கிரேக்க வாக்கியங்களின் போக்கிலேயே செல்கிறது, தமிழர் பேசும் இயல்புக்கு ஒத்துவர வேண்டும் என்று புதிதாகத் திருத்தலானார். நல்ல தமிழறிஞர் அவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சாஸ்திரியார் புதுத் திருத்தலின் கூக்குரல் என்று ஒரு மறுப்பு எழுதினார். தாய்மார் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் வசனத்தை மாற்றினால் எந்த வசனத்தை நம்புவது என்று மக்கள் கேட்பார்களே, மாற்றிக்கொண்டேயிருக்கும் வேதம் எப்படி வேதமாகும் என்று பிறர் நகைப்பார்களே என்பது அவர் கவலையின் சாரம். பழகிய சொல்லுக்கும் தெளிந்த சொல்லுக்கும் இடையே நிகழும் இப்போராட்டம் எல்லா மொழியிலும் எல்லாச் சமயத்திலும் உண்டு. எனினும் தமிழில் வேதம் எவ்வாறு ஒலிக்க வேண்டும் என்று ஐரோப்பியரே முடிவு செய்துகொண்டிருந்த நாளில், அதைப் பற்றிச் சொல்ல எனக்கும் உரிமையுண்டு என்று பட்டமற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் நிமிர்ந்து நின்றார். அத்துணிவை நான் மதிக்கிறேன்.

சாதி பற்றி அவர் கொண்ட நிலையை அவ்வாறு மதிக்க இயலவில்லை. ஆலயத்திலும் நற்கருணையிலும் வேளாளரும் தாழ்த்தப்பட்டோரும் கலப்பது உலக வழக்கத்தைக் குலைப்பது என்றும், விசுவாசத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றும் அவர் வாதிட்டார். பூமாலையும் கீர்த்தனையும் போலச் சாதியும் முன்னோர் விட்டுச் சென்ற சொத்தே என்று அவருக்குத் தோன்றியது.

இவ்வழக்கு புதுச்சேரிக்குப் புதியதன்று. நம் சம்பா கோயிலில், இப்பொழுதுள்ள கட்டடம் 1791இல் எழுவதற்கு நெடுநாள் முன்பு, இரு சாராரையும் பிரிக்க உள்ளே ஒரு சுவர் இருந்தது. 1745 அக்டோபரில் தாழ்த்தப்பட்ட கிறித்தவர்கள் முறையிட, குருவானவர் அச்சுவரை இடிக்கச் செய்தார். உயர்சாதிக் கிறித்தவர்கள் சினந்து திரண்டனர். பின்னர்ச் சுவர் நின்ற இடத்தில் நாற்காலிகளை வரிசையாக இட்டுத் தடுப்பு அமைத்தனர். இதனை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கற்சுவர் போய் நாற்காலிச் சுவர் வந்தது! அதற்குப் பின் எண்பது ஆண்டுகள் சென்று, பாட்டிலும் படிப்பிலும் தலைசிறந்த ஒருவர் தஞ்சையில் அதே சுவரைக் காக்கப் பேனா பிடித்தார். 1833இல் பிஷப் வில்சன் சபையில் சாதி வேறுபாடு அறவே ஒழிய வேண்டும் என்று கட்டளையிட்டபோது பலர் சபையைவிட்டே விலகினர்.

இந்தச் சச்சரவின் விளைவாக 1829ஆம் ஆண்டளவில் சாஸ்திரியார் மிஷன் வேலையை இழந்தார். பழைய பள்ளித்தோழர் கைவிடவில்லை. சரபோஜி தம் அரசவைக் கவிஞராக்கி ஊதியம் அளித்தார். மூன்றாண்டுகளில் மன்னரும் மறைந்தார். அதன்பின் சாஸ்திரியார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உயிர் வாழ்ந்தார். தாம் வளர்ந்த சபையோடு பிணங்கியும் அதன் வேதத்தை விடாமல் பாடியும் கழிந்த நீண்ட முதுமை அது.

அம்முதுமையில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. மதுரைப் பக்கத்து அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வெப் ஐயர் தமிழ்க் கீர்த்தனையின் ஆற்றலைக் கண்டு சாஸ்திரியாரின் பாடல்களைத் தேடிச் சேர்த்தார். 1853இல் அவர் வெளியிட்ட ஞானப்பாட்டுத் தொகுப்பில் அவை இடம்பெற்றன. ஆராதனையினின்று விலக்கப்பட்ட பாட்டு, எண்பது வயதை நெருங்கிய கவிஞர் கண்முன்னரே, அச்சாகி ஆலயத்துக்குள் திரும்ப வந்தது. 1864ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள் அவர் காலமானார். பவர் ஐயர் தலைமையில் குழுவினர் உருவாக்கிய மொழிபெயர்ப்பு 1871இல் வெளிவந்தபோது, இரேனியுஸ் ஐயரின் தெளிவை வேண்டிய இடங்களில் ஏற்றுக்கொண்டு, பெப்ரீசியுஸ் ஐயரின் பழைய வேதத்தையே அடிப்படையாகக் கொண்டிருந்தது. அதைக் காண அவர் இல்லை.

அவருடைய கையெழுத்துப் படிகள் பல பெங்களூர் ஐக்கிய இறையியற் கல்லூரியில் காக்கப்பட்டுள்ளன. அவர் வழித்தோன்றல்கள் அவருடைய பாடல்களைக் காலட்சேபமாக நடத்தி வந்தனர். ஒருவர் வசனம் சொல்ல, உடனிருப்போர் தாளமிட்டுப் பாட, வேதக்கதை இரவு நெடுநேரம் வரை செல்லும். ஞானசிங்கி கூடையோடு அரங்கில் நுழையும் இடம் வந்ததும், கேட்போர் தாமும் சேர்ந்து பாடத் தொடங்குவர்.