ரோல்ஸ்-ராய்ஸ் பழம் மாதிரிகள்

ரோல்ஸ்-ராய்ஸ் பழம் மாதிரிகள் என்பன இங்கிலாந்தைச் சேர்ந்த ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து உருவாக்கிய சொகுசு மகிழுந்துகள் ஆகும். சில்வர் கோஸ்ட், டுவெண்டி, ஃபாண்டம் வரிசை, சில்வர் கிளவுட் ஆகியன இவற்றுள் பெயர் பெற்றவை. இவற்றுள் எது தலைசிறந்தது என்பது பழைய வண்டிகளைச் சேகரிப்போரிடையே நெடுங்காலமாக நடைபெறும் விவாதம். இந்திய மன்னர்களும் சமீன்தார்களும் இந்நிறுவனத்தின் முக்கிய வாடிக்கையாளர்களாக இருந்தமையால் இவ்விவாதத்தில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. எந்த மாதிரி அழகானது, எது விலை கூடியது என்பவற்றைக் காட்டிலும், எது இந்தியச் சாலையில் தாக்குப்பிடித்தது என்னும் கேள்விக்கே உறுதியான விடை கூற முடிகிறது.

விவாதத்தின் பின்னணி

சார்லஸ் ரோல்ஸ் வண்டி விற்பனையாளர். ஹென்றி ராய்ஸ் பொறியாளர். இருவரும் 1904ஆம் ஆண்டு மே மாதம் மான்செஸ்டரில் சந்தித்தனர். 1906ஆம் ஆண்டு மார்ச் மாதம் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் இலண்டன் கண்காட்சியில் 40/50 குதிரைவலு என்னும் மாதிரி காட்டப்பட்டது. "உலகின் தலைசிறந்த மகிழுந்து" என்ற புகழ்மொழி இம்மாதிரியைக் குறித்தே 1907இல் ஒரு பிரித்தானிய மகிழுந்து இதழில் எழுந்ததாகக் கூறுவர். நிறுவனம் அதனைத் தன் விளம்பரங்களில் தொடர்ந்து பயன்படுத்திக்கொண்டது. ஒரு மாதிரிக்குச் சொல்லப்பட்ட சொல் பின்னர் வந்த எல்லா மாதிரிகளுக்கும் உரியதாக ஆகிவிட்டது. இன்றைய குழப்பத்தில் பாதி இதனால் விளைந்தது எனலாம்.

சில்வர் கோஸ்ட்

40/50 மாதிரியின் பன்னிரண்டாவது அடிச்சட்டத்தில் கட்டப்பட்ட ஒரு வண்டிக்கு 1907இல் வெள்ளி நிறம் பூசி, "சில்வர் கோஸ்ட்" எனப் பெயரிட்டார் நிறுவனத்தின் மேலாளர் கிளாட் ஜான்சன். வெள்ளி ஆவி என்பது இதன் பொருள். ஓசையின்றி ஓடியமையால் இப்பெயர். இதன் பதிவு எண் ஏஎக்ஸ் 201. தொடக்கத்தில் இப்பெயர் அந்த ஒரு வண்டிக்கு மட்டுமே உரியது. மாதிரி முழுமைக்கும் இப்பெயரை நிறுவனம் ஏற்றது 1925இல், புதிய மாதிரி வந்தபின்னரே.

இதன் எந்திரம் ஆறு உருளைகளைக் கொண்டது. மும்மூன்று உருளைகளாக இரு தொகுதிகளில் வார்க்கப்பட்ட இதன் கொள்ளளவு முதலில் 7,036 கன செ.மீ. ஆகவும் பின்னர் 7,428 கன செ.மீ. ஆகவும் இருந்தது. சுழல்தண்டை ஏழு தாங்கிகள் தாங்கின. அக்காலத்து ஆறு உருளை எந்திரங்களில் நீண்ட சுழல்தண்டு முறுக்கி அதிர்வதும் முறிவதும் பெருங்குறையாக இருந்தன. ராய்ஸ் தண்டைத் தடிமனாக்கி, தாங்கிகளைப் பெருக்கி, எண்ணெயை அழுத்தத்துடன் செலுத்தி இக்குறையைத் தீர்த்தார். புதுமையான கண்டுபிடிப்பு என்று சொல்வதற்கு இதில் அதிகம் இல்லை. அறிந்த பொருளையே பிறரைவிடக் கவனமாகச் செய்தார் என்பதே உண்மை.

1907இல் இவ்வண்டி இலண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே இரவு பகலாக ஓட்டப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓய்வு. 629ஆவது மைலில் பெட்ரோல் குழாயின் திருகு அதிர்வால் தானே மூடிக்கொண்டதால் ஒருமுறை நின்றது. அதன்பின் 14,371 மைல் தொலைவு தானாக நிற்கவேயில்லை. 15,000 மைல் முடிந்ததும் வண்டியைப் பிரித்துப் பார்த்து, தேய்ந்த பாகங்களைப் புதியன போல் ஆக்குவதற்கான செலவைக் கணக்கிட்டனர். 2 பவுண்டு 2 சில்லிங் 7 பென்சு வந்தது. பிற மாதிரிகளின் ஆதரவாளர்களால் இதற்கு இணையான ஒரு சான்றைக் காட்ட இயலவில்லை.

குறையே இல்லாத வண்டி என்றும் இதைக் கூற முடியாது. 1912ஆம் ஆண்டு ஆல்ப்ஸ் மலைப் போட்டியில் ஜேம்ஸ் ராட்லி என்பவரின் வண்டி ஆஸ்திரியாவின் காட்ஸ்பெர்க் கணவாயில் ஏற முடியாமல் நின்றது. மூன்று கியர்களே இருந்தது காரணம். நிறுவனம் அவமானத்தை விழுங்கிக்கொண்டு, நான்கு கியர் பெட்டியும் மேம்பட்ட குளிர்விப்பும் அமைத்து 1913இல் மீண்டும் சென்று பல பரிசுகளை வென்றது. அந்த வகை "ஆல்பைன் ஈகிள்" என வழங்கப்படுகிறது. நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் வருவதற்கு 1920களின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய வண்டிகளை நிறுத்துவது, ஓட்டுவதைவிடக் கடினம்.

1926 வரை 7,800க்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. இவற்றுள் சுமார் 1,700 வண்டிகள் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் உருவானவை.

இந்தியச் சாலைகளில்

இந்தியாவில் இம்மாதிரியின் பெயரை நிலைநாட்டியது "கிழக்கின் முத்து" எனப் பெயரிடப்பட்ட வண்டி. 1908ஆம் ஆண்டு பம்பாய்–கோலாப்பூர் நம்பகத்தன்மைப் போட்டியில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்களைக் கடந்து 620 மைல் ஓடி இது வென்றது. பின்னர் குவாலியர் மகாராசா இதனை வாங்கினார்.

அக்காலத்துச் சாலையை அறிந்தால்தான் இவ்வெற்றியின் அளவு விளங்கும். கணவாய்களைத் தாண்டிய தக்காணத்து நிலம் கரிசல் மண் கொண்டது. தமிழகத்தில் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரத்தில் வாழ்வோர்க்கு இதன் இயல்பைக் கூற வேண்டியதில்லை. கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மழை பெய்தால் நீரை உறிஞ்சி உப்பி, சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டே வரும். மாட்டுவண்டியே அச்சுவரை புதையும். இத்தகைய பாதையில் தேவைப்படுபவை மூன்று: தரையிலிருந்து வண்டியின் அடிப்பகுதி உயர்ந்திருத்தல், மெதுவாகச் செல்லும்போதும் எந்திரம் திணறாமல் இழுத்தல், சூடேறாமை. சில்வர் கோஸ்டில் இம்மூன்றும் இருந்தன. அதன் எந்திரம் நிமிடத்திற்கு 1,250 சுற்றுகளிலேயே தன் வலுவைத் தந்தது. கியரை மாற்றாமல் நடைவேகத்தில் ஊர்ந்து செல்லவும் முடிந்தது. யானை ஊர்வலத்தின் பின்னே செல்லும் மன்னர்களுக்கு இது பெரிதும் பிடித்திருந்தது என்பதில் வியப்பில்லை.

1911ஆம் ஆண்டு தில்லி தர்பாருக்காக எட்டு சில்வர் கோஸ்டுகள் வரவழைக்கப்பட்டன. முதல் உலகப் போரில் இதே அடிச்சட்டத்தின் மீது இரும்புக் கவசம் பொருத்திய வண்டிகள் அரேபியப் பாலைவனத்தில் ஓடின. 1921இல் இந்தியப் படைக்கென்றே ஒரு தனி வகைக் கவச வண்டி இதன்மேல் அமைக்கப்பட்டது. பல டன் இரும்பைச் சுமந்துகொண்டு மணலில் ஓடிய அடிச்சட்டம் அரண்மனைக்குள் பழுதாகாமல் இருந்ததைத் தனியே பாராட்ட வேண்டியதில்லை.

ஃபாண்டம் வரிசை

1925இல் வந்த முதல் ஃபாண்டம், பழைய அடிச்சட்டத்தில் புதிய எந்திரம் வைத்தது என்றே சொல்லலாம். வால்வுகள் உருளைகளின் மேற்புறத்துக்கு வந்தன. கொள்ளளவு 7,668 கன செ.மீ. ஆயிற்று. கோட்டா மன்னர் இரண்டாம் உமேத் சிங் 1925இல் இம்மாதிரியை வேட்டைக்கென வாங்கி, தேடொளி விளக்குகளும் துப்பாக்கிகளும் பொருத்தச் செய்தார்.

1929இல் வந்த இரண்டாம் ஃபாண்டம் முற்றிலும் புதிய அடிச்சட்டம் கொண்டது. தாழ்ந்த தோற்றமும் நீண்ட முகப்பும் உடைய இதன் "காண்டினென்டல்" வகையில் சுமார் 280 வண்டிகளே செய்யப்பட்டன. அழகும் வேகமும் ஒருங்கே அமைந்தது இதுவே என்று சொல்வோர் பலர். அவர்கள் கூற்றை மறுப்பது கடினம். இராசகோட்டை மன்னர் 1934இல் வாங்கிய "இந்திய விண்மீன்" என்னும் காவிநிற வண்டி இரண்டாம் ஃபாண்டமே. 1960களில் கைமாறி வெளிநாடு சென்ற அதனை 2010இல் அவ்வரச குடும்பத்தினரே ஏலத்தில் மீட்டனர்.

மூன்றாம் ஃபாண்டம் (1936–1939) பன்னிரண்டு உருளைகளைக் கொண்டது. ராய்ஸ் 1933இல் மறைந்தார். அவர் கைபட்ட கடைசி மாதிரி இதுவே. முன்சக்கரங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வில்லமைப்பு, 24 தீப்பொறிச் செருகிகள், வால்வு இடைவெளியைத் தானே சரிசெய்யும் நீர்ம அமைப்பு என அன்றைய நுட்பத்தின் உச்சம் இதில் இருந்தது. சிக்கலும் அங்கேதான். எண்ணெய் சிறிது மாசுபட்டாலும் அந்நீர்ம அமைப்பு கெட்டது. 1938இல் நிறுவனமே அதனைக் கைவிட்டுப் பழைய முறைக்குத் திரும்பியது. புழுதி நிறைந்த ஊரில், எந்திரத்தைச் செய்தவரிடமிருந்து பல ஆயிரம் மைல் தொலைவில் வைத்திருக்க ஏற்ற வண்டி இதுவன்று. காட்சிக்கு வைக்க மிகச் சிறந்தது. 1964இல் வெளிவந்த "கோல்டுஃபிங்கர்" திரைப்படத்தில் இடம்பெற்றதால் பொதுமக்கள் அறிந்த மாதிரியும் இதுவே.

சிறிய மாதிரிகள்

விவாதங்களில் பெரும்பாலும் விடுபட்டுப் போவன சிறிய மாதிரிகள். 1922 முதல் 1929 வரை வந்த டுவெண்டி 3,127 கன செ.மீ. எந்திரம் உடையது. மருத்துவர், வழக்கறிஞர் போன்றோர் ஓட்டுநரின்றித் தாமே ஓட்டுவதற்காகச் செய்யப்பட்டது. 2,940 வண்டிகள் விற்றன. மேடு ஏறும்போது திணறும் என்பது இதன்மேல் உள்ள குற்றச்சாட்டு. கனமான மூடிய உடலைப் பொருத்தினால் அது உண்மையே. இதன் வழிவந்த 20/25 (1929–1936) கூடுதல் வலுவுடையது. இரு உலகப் போர்களுக்கும் இடையில் நிறுவனம் மிகுதியாக விற்ற மாதிரி அதுதான். பழுது பார்க்க எளியதும் எரிபொருள் குறைவாகக் கேட்பதும் ஆகிய இவ்விரண்டும் இன்றும் ஓடும் நிலையில் நிறையவே உள்ளன. அருங்காட்சியகத்துக்கன்றி, வீட்டில் வைத்து ஓட்டுவதற்கு ஒன்றைத் தேர்வதாயின் 20/25 மாதிரியே பொருத்தமானது.

அடிச்சட்டமும் உடலும்

மாதிரிகளை ஒப்பிடுவோர் மறந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போர் வரை ரோல்ஸ்-ராய்ஸ் முழு வண்டியை விற்கவில்லை. எந்திரம், சக்கரங்கள், முன்புற ரேடியேட்டர் ஆகியவற்றோடு கூடிய அடிச்சட்டத்தை மட்டுமே விற்றது. உடலை பார்க்கர், ஹூப்பர், திரப் அண்டு மேபர்லி, பார்க் வார்டு முதலிய வண்டி கட்டும் நிறுவனங்களிடம் வாங்குபவரே சொல்லிச் செய்துகொண்டார். அரசமகளிர்க்குத் திரையிட்ட வண்டி, வேட்டைக்குத் திறந்த வண்டி, ஊர்வலத்துக்கு அரியணை வைத்த வண்டி என ஒரே மாதிரி பல வடிவங்களில் இந்தியா வந்தது இதனால்தான். ஐதராபாத் நிசாமுக்காக பார்க்கர் நிறுவனம் சில்வர் கோஸ்டின் மீது கட்டிய மஞ்சள் நிற அரியணை வண்டி புகழ்பெற்றது. குதிரை வண்டி கட்டுவதில் 1840இல் தொடங்கிய சென்னை சிம்சன் நிறுவனமும் மகிழுந்து உடல் கட்டும் தொழிலுக்கு வந்து சேர்ந்தது. 1903இல் அங்கு ஒரு நீராவி மகிழுந்தும் உருவாக்கப்பட்டது.

எனவே "இந்த மாதிரி அழகானது" என்னும் கூற்று பெரும்பாலும் உடலைக் கட்டியவரைப் புகழ்வதாகும். நீடித்த உழைப்பையும் ஓசையின்மையையும் கொண்டுதான் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தின் பங்கை அளக்க முடியும்.

போருக்குப் பிந்தையவை

1949இல் வந்த சில்வர் டான் நிறுவனமே உடலும் கட்டி விற்ற முதல் ரோல்ஸ்-ராய்ஸ். நான்காம் ஃபாண்டம் 1950 முதல் 1956 வரை அரச குடும்பங்களுக்கும் நாட்டுத் தலைவர்களுக்கும் மட்டுமெனப் பதினெட்டே செய்யப்பட்டது. அருமை காரணமாக விலை மிகுந்தது என்பதைத் தவிர ஒப்பீட்டில் இதற்கு இடமில்லை. சில்வர் கிளவுட் 1955இலும் சில்வர் சேடோ 1965இலும் வந்தன. பின்னது தனி அடிச்சட்டத்தைக் கைவிட்டது. அத்தோடு விரும்பிய உடலைக் கட்டிக்கொள்ளும் வழக்கமும் ஏறத்தாழ முடிவுக்கு வந்தது. விமான எந்திரப் பிரிவின் செலவால் 1971இல் நிறுவனம் நொடித்தது. 2003 முதல் இப்பெயரில் மகிழுந்து செய்வது பி.எம்.டபிள்யூ குழுமம்.

மன்னர்களும் கதைகளும்

விற்பனையாளர் அவமதித்ததால் சினமுற்ற அல்வர் மன்னர், வாங்கிய ரோல்ஸ்-ராய்ஸ்களைக் குப்பை அள்ளப் பயன்படுத்தினார் என்ற கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. மன்னரின் பெயரும் வண்டிகளின் எண்ணிக்கையும் சொல்பவருக்கேற்ப மாறுகின்றன. இதற்கு ஆவணச் சான்று எதுவும் காட்டப்படுவதில்லை. கட்டுரை எழுதும் மாணவர்கள் இதனை வரலாறாகக் கொள்ளாமல் வாய்மொழிக் கதையாகக் குறிப்பிடுவதே முறை.

இந்தியாவில் இன்று

1947க்குப் பின் சமத்தானங்கள் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தன. 1971இல் மன்னர் மானியம் ஒழிக்கப்பட்டது. பராமரிக்க இயலாத குடும்பங்கள் வண்டிகளைக் குறைந்த விலைக்கு விற்றன. பல வெளிநாடு சென்றன. அரசு பின்னர் பழங்கால வண்டிகளின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. எஞ்சியவை தில்லியில் 1964 முதல் நடைபெற்றுவரும் ஸ்டேட்ஸ்மன் பழம் மகிழுந்து அணிவகுப்பு போன்ற நிகழ்ச்சிகளில் காணக் கிடைக்கின்றன. தமிழ்நாட்டில் பழைய மகிழுந்துகளின் வளர்ச்சியை நேரில் அறிய விரும்புவோர் கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் உள்ள ஜி. டி. நாயுடு அறக்கட்டளையின் மகிழுந்து அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம்.

2021ஆம் ஆண்டு சூலையில் மைய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறையை ஏற்படுத்தியது. இவற்றின் எண்ணில் மாநில எழுத்துகளை அடுத்து "வி.ஏ." என்ற குறி இடம்பெறும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுகளுக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000 ரூபாய். முதன்மையான அமைப்பை மாற்றியிருந்தால் இப்பதிவு கிடைக்காது. இவ்வண்டிகளை நாள்தோறும் பயன்படுத்தவோ வணிகத்துக்கு ஓட்டவோ கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, எரிபொருள் நிரப்புதல், பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்காக மட்டுமே சாலையில் எடுத்துச் செல்லலாம்.