ஆண்டவன் வளர்த்த கலையும் அங்காடி வளர்த்த கலையும்

ஜப்பானிய விஸ்கிக்கு இன்று உலகெங்கும் பெயர் உண்டு. அதை ஊற்றிக் குடிக்கும் கண்ணாடிக் குவளைக்கோ, விஸ்கியைவிட நீண்ட வரலாறு உண்டு. கையால் பட்டை தீட்டப்பட்ட அந்தக் குவளைகளை ஜப்பானியர் ‘கிரிகோ’ என்பார்கள். அதில் இரண்டு மரபுகள் உள்ளன: ஒன்று எடோ கிரிகோ, மற்றது சட்சுமா கிரிகோ. ஒன்று அறுபடாமல் வந்தது. மற்றது நூறாண்டுக்கு மேல் இல்லாமலே போயிருந்தது. ஏன் என்பதுதான் இன்றைய உரை.

எடோ என்பது இன்றைய தோக்கியோவின் பழைய பெயர். அங்கே கண்ணாடிக் கடை வைத்திருந்த ககாயா கியூபே என்ற வணிகர், 1834 இல் எமரித் தூளைக் கொண்டு கண்ணாடியின் மேல் கோலம் செதுக்கினார் என்று சொல்லப்படுகிறது. எமரியின் முக்கியக் கூறு குருந்தம். ஆங்கிலத்தில் ‘கொரண்டம்’ என்று வழங்கும் சொல்லே நம் தமிழ்க் குருந்தத்திலிருந்து போனதுதான். அந்தக் காலத்து எடோ கிரிகோ நிறமற்ற கண்ணாடி. வாங்கியவர்கள் நகரத்து மக்கள்.

தெற்கே கியூஷு தீவில் இருந்த சட்சுமாவில் கதை வேறு. 1846 இல் அப்பகுதியின் தலைவர் ஷிமாசு நாரிஓகி, மருந்துகளை வைக்க அமிலம் தாங்கும் குப்பிகள் வேண்டுமென்று எடோவிலிருந்து யொத்சுமோட்டோ கமெஷிச்சி என்ற கைவினைஞரை வரவழைத்தார். நாரிஓகியின் மகன் நாரியாகிரா 1851 இல் ஆட்சிக்கு வந்தார். மேலை நாடுகளின் தொழில்நுட்பத்தில் பெரும் ஆர்வம் கொண்டவர். ககோஷிமாவில் அவர் நிறுவிய ‘ஷூசெய்கான்’ தொழிற்கூடத்தில் பீரங்கி வார்ப்போடு கண்ணாடித் தொழிலும் நடந்தது. நூறு பேருக்கு மேல் அங்கே வேலை செய்தார்கள். செம்பைக் கொண்டு சிவப்புக் கண்ணாடி செய்யும் அரிய வித்தையும் கைகூடியது. 1856 இல் ஷோகுனுக்கு மணமுடிக்கப்பட்ட அட்சுஹிமே இளவரசியின் சீர்வரிசையிலும் சட்சுமா கிரிகோ இடம்பெற்றது.

ஆனால் அது ஒரு மனிதரின் ஆர்வத்தில் நின்ற தொழில். 1858 இல் நாரியாகிரா திடீரென இறந்தார். அடுத்து வந்தவர்கள் செலவைக் குறைத்தார்கள். 1863 ஆகஸ்ட்டில் பிரித்தானியக் கடற்படை ககோஷிமாவைக் குண்டு வீசித் தாக்கியபோது தொழிற்கூடம் எரிந்தது. 1877 சட்சுமா கிளர்ச்சியோடு எஞ்சியிருந்த கொஞ்சமும் போயிற்று. கைவினைஞர்கள் சிதறினார்கள்.

எடோவில் பெரும் புரவலர் எவரும் இல்லை. ஆகவே ஒருவர் இறந்ததால் தொழில் நிற்கவும் இல்லை. 1881 இல் தோக்கியோவின் ஷினகாவா அரசுக் கண்ணாடித் தொழிற்சாலைக்கு எமானுவல் ஹாப்ட்மன் என்ற கைவினைஞர் இங்கிலாந்திலிருந்து அழைக்கப்பட்டார். பத்துப் பன்னிரண்டு ஜப்பானியர் அவரிடம் சுழல்சாணையில் கண்ணாடி வெட்டக் கற்றார்கள். ஒரு மரபை எரித்த அதே நாடு, மற்ற மரபுக்குக் கைகொடுத்தது. அந்தத் தலைமுறைத் தொடர்ச்சி 1923 நிலநடுக்கத்தையும் 1945 குண்டுவீச்சையும் தாண்டி இன்றும் நீடிக்கிறது.

விஸ்கி இடையில் வருகிறது. யமசாக்கியில் 1923 இல் வடிசாலை தொடங்கிய தொரீ ஷின்ஜிரோ, 1937 இல் சதுரப் புட்டி ஒன்றை வெளியிட்டார். அதுதான் ‘காக்குபின்’. அதன் மேலுள்ள ஆமையோட்டுக் கட்டங்கள் சட்சுமா கிரிகோவைப் பார்த்து எழுந்தவை. செய்ய ஆளில்லாமல் போன கலையின் சாயல், சாதாரண மக்களின் மேசைக்கு ஒரு விஸ்கிப் புட்டியாக வந்து சேர்ந்தது.

1985 இல் ககோஷிமாவில் சட்சுமா கிரிகோவை மீட்கும் பணி தொடங்கியது. கற்பிக்கக் குரு இல்லை. எஞ்சிய பழைய பொருட்களையும் படங்களையும் அளந்து, பார்த்துப் பார்த்துக் கற்றார்கள். நிறமற்ற கண்ணாடியின் மேல் தடித்த நிறக்கண்ணாடியைப் போர்த்திச் சாய்வாக வெட்டினால், நிறம் அடர்த்தியிலிருந்து மெல்ல மெல்ல வெளிறிப் போகும். ‘பொகாஷி’ எனப்படும் இந்த நிறச்சாயலே சட்சுமாவின் அடையாளம். எடோ கிரிகோவில் நிறப்படலம் மெல்லியது, வெட்டுகள் பளிச்சென்று தெரியும். சணல் இலை, கூடைக்கண், மீன்முட்டை என்று அதன் கோலங்களுக்குப் பெயர்கள். கைவினைஞர் குவளையின் வெளிப்புறத்தைச் சுழலும் சாணையில் அழுத்தி, உட்புறம் வழியாகப் பார்த்துக்கொண்டே வெட்டுவார். கை ஒரு நூலிழை பிசகினாலும் குவளை வீண்.

2002 இல் ஜப்பானிய அரசு எடோ கிரிகோவைத் தேசிய மரபுக் கைவினையாக அறிவித்தது. அந்த மதிப்பு வருமுன்பே அது நூற்று அறுபது ஆண்டுகள் கடைத்தெருவில் உழைத்துப் பிழைத்திருந்தது. அரசர் கொடுத்தது அழகு. வாங்குபவர்களும் கற்பவர்களும் கொடுத்தது ஆயுள். ஒரு கலை பிழைக்க வேண்டுமானால், அதைப் போற்றுபவர்களைவிட அன்றாடம் பயன்படுத்துபவர்களே அதிகம் தேவை.