ஓர் உரிமமும் பல கணினிகளும்

தோட்டத் தமிழர் பள்ளிக்கூடத்தில் கற்குமுன்பே அறிந்திருந்த ஆங்கிலச் சொற்களுள் ‘லைசென்சு’ என்பதும் ஒன்று. நெகிரி செம்பிலானில் லிங்கி, லாபு, சுவா பெத்தோங், ஜெராம் பாடாங் முதலிய வட்டாரங்களில் ரப்பர் பயிர் பெருகிய காலத்தில், ஆள் சேர்க்கத் தமிழகம் சென்ற கங்காணியின் மடியில் ஒரு லைசென்சு இருந்தது. அவர் யார், எந்தத் தோட்டத்திற்கு ஆள் சேர்க்கிறார், எத்தனை பேரை அழைத்து வரலாம் என்பன அத்தாளில் குறிக்கப்பட்டிருந்தன. அவ்வாறு சேர்க்கப்பட்டோர் நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்கள் வழியாகக் கப்பலேறினர். 1938இல் இந்திய அரசு இவ்வகை ஆள்சேர்ப்பைத் தடைசெய்யும்வரை அம்முறை நீடித்தது. உரிமம் என்பது எல்லையுடைய அனுமதி என்ற பாடம் தோட்டத்து வாழ்வில் அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

பின்னர் வானொலி வந்தது. வானொலிப் பெட்டி வைத்திருப்போர் அதற்கும் உரிமக் கட்டணம் செலுத்தவேண்டியிருந்தது. ஆயினும் ஒரு வீட்டில் பெட்டி பாடினால் லயம் முழுவதும் கேட்டது. நாளிதழின் நிலையும் அதுவே. ஒருவர் வாங்கிய ‘தமிழ் நேசன்’ பல கைகள் மாறியது; எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, அறியாதோர் சுற்றியமர்ந்து கேட்டனர். இப்பகிர்வில் குற்றம் ஏதுமில்லை. ஒரே பெட்டியை, ஒரே தாளைப் பலர் துய்த்தனர்; இன்னொரு பெட்டியோ இன்னொரு தாளோ அங்கே உருவாகவில்லை. ஒன்றை வாங்கிப் பலர் பயன்கொள்வது வறுமை கற்றுத்தந்த வழக்கம். அது தோட்டத்தின் நற்பண்பும் ஆகும்.

இப்பண்பு கணினிக் காலத்தில் ஒரு சிக்கலைச் சந்தித்தது. மென்பொருள் என்பது நூலைப்போல் விற்கப்பட்டாலும் நூலைப்போன்ற பொருளன்று. நூலை இரவல் கொடுத்தால் கொடுத்தவரிடம் நூல் இராது. மென்பொருள் அடங்கிய வட்டைக் கொடுத்தாலோ, பெற்றவர் தம் கணினியில் பதித்துக்கொண்டு வட்டைத் திருப்பித் தந்துவிடலாம். கொடுத்தவருக்கு இழப்பில்லை, பெற்றவருக்கு முழுப் பயன். இழப்பு, இருவர் கண்ணுக்கும் எட்டாத மூன்றாமவருக்கு, அதாவது ஆக்கியவருக்கே ஆகும்.

மென்பொருளைத் தனிச்சரக்காகக் கருதும் வழக்கமே பழையதன்று. கணினியோடு சேர்த்தே அளித்துவந்த மென்பொருளுக்குத் தனி விலை வைக்கும் முடிவை ஐபிஎம் நிறுவனம் 1969இல் அறிவித்தது. 1976 பிப்ரவரியில், அப்போது இருபது வயதினராயிருந்த பில் கேட்ஸ், கணினி ஆர்வலர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். தாமும் நண்பரும் ஆல்டேர் கணினிக்காக உருவாக்கிய ‘பேசிக்’ மொழியைப் பயன்படுத்துவோரில் பெரும்பாலோர் அதை விலைகொடுத்து வாங்கவில்லை என்பதே அவர்தம் முறையீடு. 1983இல் ‘டர்போ பாஸ்கல்’ மென்பொருளை வெளியிட்ட போர்லாந்து நிறுவனமோ எளியதொரு விதியைக் கையாண்டது. மென்பொருளை ஒரு நூலைப்போல் நடத்துக. எவரும் எந்தக் கணினியிலும் பயன்படுத்தலாம். ஆனால் ஒரே வேளையில் ஈரிடங்களில் அது இயங்குவதற்கு இடமிருத்தல் கூடாது என்பதே அவ்விதியின் சாரம். லயத்து நாளிதழ் நடந்த முறையும் இதுதான் அன்றோ?

சட்டமும் படிப்படியாக வளர்ந்தது. அமெரிக்கா 1980இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்திக் கணினி நிரல்களுக்குத் தெளிவான இடமளித்தது. இந்தியா 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி நிரலை இலக்கியப் படைப்புகளுள் சேர்த்தது. மலேசியாவில் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அவ்வாண்டு திசம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதுவும் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கொள்கிறது. கவிதையும் கதையும் பெறும் காப்பினைக் கணினி நிரலும் பெறுகிறது என்பது தமிழாசிரியர் மனங்கொள்ளத்தக்க செய்தியாகும். வாங்கிய படி தொலைந்தாலோ, அழிந்தாலோ, பழுதானாலோ அதற்கு ஈடாக வைத்துக்கொள்ளப் படியெடுக்க இச்சட்டத்தின் 40ஆம் பிரிவு இடந்தருகிறது. அது காப்புப்படிக்கான இசைவு; ஒரு படியைக் கொண்டு பத்துக் கணினிகளை ஒரே வேளையில் இயக்குவதற்கான இசைவன்று.

இனித் தோட்டப் பள்ளியை நோக்குவோம். பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்கவேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்த காலந்தொட்டு, குறைந்த வசதியில் நிறைந்த பணி செய்வதே இப்பள்ளிகளின் வரலாறு. நிலம் தோட்டத்துக்கு உரியதாயிருந்தமையால் பல பள்ளிகள் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே நின்றன. ஆதலால் கட்டடத்திற்கும் கருவிகளுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் நன்கொடையாளரும் கைகொடுக்கவேண்டியிருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளான பின்னும், இடம் பெயர்ந்த பள்ளிகள் சில தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன.

அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் 2003இல் தொடங்கியபோது மடிக்கணினியும் பாட மென்பொருளும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் கைக்கும் வந்தன. ஆயின் தமிழில் வினாத்தாள் ஆக்கவும் பயிற்சித்தாள் அடிக்கவும் தமிழ் எழுத்துருவும் விசைப்பலகைச் செயலியும் வேண்டுமே! ஒரு பள்ளியில் ஆறு கணினிகளும் ஓர் உரிமத்திற்கான பணமும் இருப்பதாகக் கொள்வோம். ஒரு வட்டு வாங்கப்படுகிறது. ஆறு கணினிகளிலும் பதிக்கப்படுகிறது. பக்கத்துத் தோட்டப் பள்ளி கேட்டால் அங்கும் போகிறது. இதில் எவரும் தமக்கென எதையும் சேர்த்துக்கொள்ளவில்லை. பிள்ளைகளுக்காகச் செய்தோம் என்ற நிறைவே அவர்களுக்கு உண்டு. இதைத் திருட்டு என்ற ஒரு சொல்லால் கடிந்துரைப்பது எளிது. அவ்வாசிரியரின் நெருக்கடியை உணர்வது அரிது.

எனினும் மறுபுறம் ஒன்று உண்டு. ஆங்கில மென்பொருளுக்கு உலகமே சந்தை. தமிழ் மென்பொருளை வாங்குவோர் மிகச் சிலர். மலேசியத் தமிழாசிரியரும் கவிஞருமான முரசு நெடுமாறனின் மைந்தர் முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கத் தொடங்கிய ‘முரசு’ மென்பொருள், பின்னர் ‘முரசு அஞ்சல்’ என வளர்ந்து, இந்நாட்டிலும் கடல்கடந்தும் தமிழரின் மேசைகளை அடைந்தது. அதன் பின்னே ஆண்டுக்கணக்கான உழைப்பு இருந்தது. நூறு கணினிகளில் இயங்கும் ஒரு செயலிக்குப் பத்து உரிமங்களே விற்குமாயின், அடுத்த பதிப்பை ஆக்கும் பொருள் எங்கிருந்து வரும்? தமிழுக்காகப் படியெடுத்தோம் என்று மகிழ்வோர், தமிழுக்காக நிரல் எழுதுவோரின் கையைத் தளர்த்துகின்றனர். கவிஞரின் தொகுப்பை விலைகொடுத்து வாங்குமாறு வேண்டும் எழுத்தாளர் சங்கங்களுக்கு இவ்வருத்தம் விளங்காததன்று.

உரிமங்கள் யாவும் ஒருதன்மையன அல்ல என்பதையும் ஆசிரியர் அறிதல் வேண்டும். சில, ஒரு கணினிக்கு மட்டும் உரியவை. சில, ஒரு மனிதருக்கு உரியவை. அவர் மேசைக் கணினியிலும் மடிக்கணினியிலும் அதே மென்பொருளைப் பதித்துக்கொள்ளலாம். மைக்ரோசாப்டின் 2007ஆம் ஆண்டு வீட்டு-மாணவர் அலுவலகத் தொகுப்பு, ஒரே வீட்டின் மூன்று கணினிகளுக்கு இடந்தந்தது. அதே நிறுவனம் 2001இல் வெளியிட்ட விண்டோசு எக்சுபி, கணினியின் உறுப்புகளைக் கணக்கிட்டுப் பதிவுசெய்யும் பூட்டோடு வந்தது. இன்னும் சில, பள்ளி முழுமைக்கும் உரியவை. வட்டின் உறையிலோ, பதிக்கும்போது திரையிலோ தோன்றும் உரிம வாசகத்தைப் படியாமல் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்துவது, படியாமல் கைந்நாட்டு வைப்பதற்கு நிகராகும். கைந்நாட்டால் தோட்டத் தமிழர் இழந்தவை சிறியன அல்ல.

விலைகொடுக்க இயலாத பள்ளிக்கு நேரிய வழிகளும் உண்டு. 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் தொடங்கிய குனு இயக்கம், படியெடுக்கும் உரிமையைப் பயனருக்கே வழங்கும் மென்பொருள்களை உலகிற்குத் தந்தது. அவ்வகையைச் சேர்ந்த ‘லிப்ரே ஆபிசு’ தொகுப்பை எத்தனை கணினிகளிலும் பதிக்கலாம். தமிழில் எ-கலப்பை, சென்னையிலிருந்து வந்த என்.எச்.எம். ரைட்டர் ஆகிய செயலிகள் விலையின்றிக் கிடைத்தன. முரசு அஞ்சலின் ஒரு பதிப்பும் தனியார் பயன்பாட்டிற்கு இலவசமாக வழங்கப்பட்டது. ஆக்கியவர் தாமே மனமுவந்து அளிப்பதும், அவர் அறியாமல் எடுத்துக்கொள்வதும் பயனில் ஒன்றாகத் தோன்றினும் அறத்தில் ஒன்றல்ல.

மற்றொரு வழியைத் தோட்ட வரலாறே காட்டுகிறது. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட நாளில், துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஒரு பங்கு நூறு வெள்ளி. பால்மரம் வெட்டிய தொழிலாளர் மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்திப் பங்குதாரராயினர். தனியொருவரால் வாங்க இயலாத தோட்டத்தைப் பலர் கூடி நேர்மையாக வாங்கினர். ஒரு வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகள் ஒன்றுகூடி, ஆக்கியவரிடமே பேசி, எல்லாப் பள்ளிகளுக்குமான உரிமத்தை ஒருசேரப் பெறுவது அதே நெறியின் தொடர்ச்சியாகும்.

மாணவர் ஆசிரியரின் சொல்லை மறந்தாலும் செயலை மறவார். கணினி அறையில் ஆசிரியர் எந்த வட்டை எவ்வாறு பதிக்கிறார் என்பதைப் பிள்ளைகளின் கண்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஓர் உரிமம் எத்தனை கணினிகளுக்கு உரியது என்று அவர் முதலில் படித்துப் பார்ப்பாராயின், அப்பிள்ளைகளுள் ஒருவர் நாளை தமிழுக்கொரு மென்பொருள் ஆக்கும்போது, அதற்குரிய விலையும் மதிப்பும் கிடைக்கும் சமுதாயம் அவருக்காகக் காத்திருக்கும்.