இரண்டு வருஷம், ஒரே புத்தகம்

2017-க்கு முந்தைய மே மாதங்களைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்கள். பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் பேப்பரைப் பிரித்தால், பக்கத்துக்குப் பக்கம் பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்கள்தான்! இரட்டைச் சடையும் திருநீறுமாகப் பிள்ளைகள் சிரிப்பார்கள். மாநில முதலிடம், இரண்டாமிடம்... கீழே பள்ளியின் முகவரியைப் பார்த்தால் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு. 'ராசிபுரம் என்றால் நெய்' என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் போய், 'ராசிபுரம் என்றால் ரேங்க்' என்றாகிவிட்டிருந்தது.

நாமக்கல், 1997-ல்தான் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. மேட்டு நிலம், மழை குறைவு. அதனாலோ என்னவோ, அந்த ஊர்க்காரர்கள் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை. லாரி வாங்கினார்கள், லாரிக்கு பாடி கட்டினார்கள், திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் வண்டியோடு இந்தியா முழுக்கப் போனார்கள், முட்டைக்கோழி வளர்த்தார்கள். நாலு பேர் கூட்டுச் சேர்ந்து முதல் போடுவது அந்த மண்ணின் பழக்கம். ஹாஸ்டலோடு கூடிய பள்ளிக்கூடங்கள் பலவும் அப்படிக் கூட்டாகத்தான் எழும்பின.

அடியேன் பி.காம். எதைப் பார்த்தாலும் 'இங்கே விற்கிற சரக்கு என்ன?' என்றுதான் புத்தி போகும். நாமக்கல் பள்ளிகள் விற்றது அறிவையா, ஒழுக்கத்தையா? ரெண்டும் இல்லை சார், நேரத்தை!

எப்படி என்கிறீர்களா? 1978-ல் பி.யு.சி. போய் பிளஸ் டூ வந்தது. படிப்பு இரண்டு வருஷம். ஆனால் பிளஸ் ஒன் பரீட்சையைப் பள்ளிக்கூடமே நடத்திக்கொள்ளும். அந்த மார்க்கை யாரும் கேட்கப் போவதில்லை. கல்லூரியில் கேட்பது பிளஸ் டூ மார்க்கைத்தான். அப்படியானால் பிளஸ் ஒன் புத்தகத்தை எதற்குத் தொட வேண்டும்? அந்த ஜூன் மாதமே பிளஸ் டூ புத்தகத்தை ஆரம்பித்துவிட்டால்? விடியற்காலை எழுப்பி, இரவு வரை படிக்க வைத்து, டெஸ்ட் மேல் டெஸ்ட் வைத்து, இரண்டு வருஷம் ஒரே புத்தகத்தை அரைத்தார்கள். பாடத்தின் கடைசியில் இருக்கும் ஒரு மார்க் கேள்விகளைத் தூக்கத்தில் கேட்டாலும் பிள்ளை சொல்லும்.

இன்னொரு பக்கம், அரசுப் பள்ளி மாணவன். அவனுக்கும் அதே பாடத்திட்டம், அதே கேள்வித்தாள். ஆனால் அவனுடைய வாத்தியார் பிளஸ் ஒன் பாடத்தை ஒழுங்காக நடத்தினார், பாவம்! பிளஸ் டூ-வுக்கு அவனுக்குக் கிடைத்தது பத்து மாதம்கூட இல்லை. இயற்பியலுக்கு ஆசிரியர் பணியிடம் காலி என்றால் அதுவும் போச்சு.

இதில் ஒரு திருப்பம் உண்டு. 1984 முதல் தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு நுழைவுத்தேர்வு இருந்தது. மொத்தம் 300 மதிப்பெண்ணில் 200 பிளஸ் டூ-வுக்கு, 100 நுழைவுத்தேர்வுக்கு. நகரத்துக்கு வந்து கோச்சிங் படிக்க முடியாத கிராமத்துப் பிள்ளைகள் இதில் அடிபடுகிறார்கள் என்று 2006-ல் சட்டம் கொண்டுவந்து அதை எடுத்தார்கள். நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்கப்புறம் டாக்டர் சீட் முழுக்க முழுக்க பிளஸ் டூ மார்க்கில் வந்து நின்றது. 200-க்குக் கட்-ஆஃப். உயிரியலில் ஒரு மார்க் போனால் அரை, இயற்பியலிலோ வேதியியலிலோ ஒரு மார்க் போனால் கால். அந்தக் காலில் நூற்றுக்கணக்கான பேர் முந்திக்கொண்டு போய்விடுவார்கள். நேரத்தை விற்பவனுக்கு இதைவிட நல்ல மார்க்கெட் அமையுமா? நன்மை கிராமத்து அரசுப் பள்ளிக்குப் போகவில்லை. பணம் கட்ட முடிந்தவர்களுக்குப் போனது. கட்டியவர்கள் எல்லாரும் பணக்காரர்களும் இல்லை. காடு விற்றுக் கட்டியவர்களும் உண்டு. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

2016-ல் நாமக்கல் மாவட்டத்திலிருந்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்கள் 957 பேர். 2017-ல் நீட் வந்தது. எண்ணிக்கை 109!

நீட் கேள்விகளில் ஏறக்குறைய பாதி, பிளஸ் ஒன் பாடத்திலிருந்து வருபவை. தொடாத புத்தகம் பழிவாங்கிவிட்டது. சரி, பிளஸ் ஒன்னை ஒழுங்காகப் படித்த அரசுப் பள்ளி மாணவன் ஜெயித்திருக்க வேண்டுமே? இல்லை. நேரம் இப்போது கோச்சிங் சென்டருக்குக் குடிபோனது. நாமக்கல்லும் சும்மா இருக்கவில்லை. 2019 அக்டோபரில் அங்கே ஒரு பயிற்சி நிறுவனத்தில் நடந்த வருமானவரி சோதனையில் சுமார் 30 கோடி ரூபாய் ரொக்கமாகவே கிடைத்தது. அதே வருஷம் அரசுப் பள்ளியில் படித்து அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்கள் ஒற்றை இலக்கம். இத்தனைக்கும் மாநிலத்தில் பிளஸ் டூ படிப்பவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் அவர்கள்தான். 2020-ல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்த பிறகுதான் எம்.பி.பி.எஸ். சேரும் அரசுப் பள்ளி மாணவர்களின் எண்ணிக்கை ஒரே வருஷத்தில் 300-ஐத் தாண்டியது.

பிளஸ் ஒன் ஓட்டையை அடைக்கவும் முயற்சி நடக்காமல் இல்லை. ரேங்க் பட்டியலை நிறுத்திய அதே 2017-ல், பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு என்று அரசு அறிவித்தது. 2018 மார்ச்சில் முதல் பரீட்சை. ஆறே மாதத்தில், அந்த மார்க் கல்லூரி சேர்க்கைக்குக் கணக்கில் வராது என்றார்கள். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தப் பரீட்சையையே எடுத்துவிட்டது. பிள்ளைகளின் மன அழுத்தம் குறையட்டும் என்று காரணம் சொன்னார்கள்.

உங்கள் வீட்டில் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளை இருந்தால், ஒருநாள் ஸ்கூல் பையைத் திறந்து, உள்ளே எந்த வருஷத்துப் புத்தகம் இருக்கிறது என்று பாருங்களேன்.